அவர் சொல்லாத நாள்

14 ஜூலை 1968, ஞாயிறு

இன்று திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்காமல் ஆலயத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்று போதகர் சொன்னார். எனக்கே சொன்னது போலிருந்தது. நேராக அண்ணன் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

மூன்று வருஷமாக அவர் என்னோடு பேசுவதில்லை. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டிய இளைய மகன் நான். அம்மா இறந்தபோது, கிறிஸ்தவன் செய்யக்கூடாது என்று மறுத்துவிட்டேன்.

"அண்ணே, மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவர் கட்டிலை விட்டு எழவில்லை. "நீயா வந்தியா, உன் சாமி சொல்லி வந்தியா?"

பொய் சொல்ல வரவில்லை. "அவர் சொல்லித்தான்."

"கொள்ளி வெக்காததும் அவரு சொல்லி, இப்ப வந்துகீறதும் அவரு சொல்லி. அப்ப நீ எங்கடா கீற?" அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, "சோறு துன்னுட்டுப் போ. அவரு சொல்லாத அன்னிக்கு ஒருநாள் வா" என்றார்.

சாப்பிட்டேன். அண்ணி கருவாட்டுக் குழம்பை இரண்டு தரம் ஊற்றினார். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்ப்படிந்தேன், சரி. ஆண்டவர்மேல் அன்பு, அதுவும் சரி. அண்ணன்மேல்? தெரியவில்லை. வேதத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சகோதரனிடம் போ என்று ஆண்டவர் சொல்லாத நாளே இதில் இல்லை. அண்ணன் வரச்சொன்ன நாளை எங்கே போய்த் தேடுவேன்?