உட்காரச் சொன்ன பாடம்

டீச்சர்,

இன்று காலை பிரம்பு பின்னுகிறவர் வந்து மாமனாரின் நாற்காலியைப் புதிதாகப் பின்னிவிட்டுப் போனார். முன்கூடம் முழுக்கப் பிரம்பு வாசம். "இதுல யாரும்மா உக்காருவாக?" என்று கேட்டார். மாமா காலமான பிறகு யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கள் நினைப்பு வந்து முகம் சூடாகிவிட்டது.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். எழுத்தை நானே கூட்டிப் படித்து வீட்டுக் கணக்கும் தறிக் கணக்கும் எழுதிவந்தேன். நூல் கடைச் சீட்டில் இருந்த இங்கிலீஷ் வரிகளுக்கு மட்டும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டைக்கு மாற்றலாகி எங்கள் மாடியில் குடிவந்த உங்களிடம் அதைத்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தோடு வருவீர்கள் என்று பார்த்தால், வெறுங்கையோடு வந்தீர்கள்.

"புஸ்தகம் எங்க டீச்சர்?"

"இந்தா இருக்கே, கதவு, சன்னலு, நாற்காலி. ஒங்களுக்குத் தமிழ யாரு அக்கா புஸ்தகம் வச்சுச் சொல்லித்தந்தாக?"

நீங்கள் இங்கிலீஷில் சொல்வீர்கள், நான் செய்ய வேண்டும். எழு, நட, கதவைத் திற, கதவைச் சாத்து, உட்கார். அர்த்தம் கேட்டால் சொல்ல மாட்டீர்கள், செய்து காட்டுவீர்கள். "மனசுக்குள்ள தமிழாக்காதீங்க. காது கேட்டதும் காலு கேக்கணும்" என்பீர்கள். மாமா கடைக்குப் போனதும் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, கதவுக்கும் சன்னலுக்கும் நடையாய் நடப்பேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்னத்தா, கதவுக்குப் பேய் ஓட்டுறியா?" என்றாள்.

ஒரு நாள் மாமா பொடிடப்பியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். நீங்கள் வாசலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தீர்கள். நான் அவரைப் பார்த்த அதே நொடியில் "சிட் டவுன்" என்றீர்கள்.

உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் நாற்காலியில், அவர் நிற்க.

மருமகளாய் வந்த நாள் முதல் அவர் முன்னால் நான் தரையில்கூட உட்கார்ந்ததில்லை. காது கேட்டதும் கால் கேட்டுவிட்டது. பாடம் பலித்ததே எனக்கு மானக்கேடாகப் போயிற்று.

மாமா சத்தம் போடவில்லை. "டீச்சரம்மா, மருமகளுக்கு இங்கிலீசு வந்துருச்சு போலயே" என்று சொல்லிவிட்டுப் பொடிடப்பியோடு போனார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தப்பு எம்மேலதான் ஐயா" என்று நீங்கள் தலைகுனிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் உங்களிடம், "இனிமே வேணாம் டீச்சர்" என்றேன்.

நீங்கள் விடவில்லை. கிணற்றடிக்கு வந்தீர்கள். தண்ணீர் இறை, துணியைக் காயப்போடு, விறகை எடு என்று, நின்றபடி செய்கிற வேலைக்கெல்லாம் சொல் தந்தீர்கள். பிறகு நூல் சீட்டைக் கையில் கொடுத்து, இந்த வரியைக் காட்டு, அந்த வரியைப் படி என்றீர்கள். சீட்டும் பிடிபட்டது. ஆனால் 'உட்கார்' மட்டும் உங்கள் வாயில் வரவே இல்லை. நான் இங்கிலீஷ் முழுவதையும் நின்றுகொண்டேதான் படித்தேன்.

போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தேன். கட்டிலோரம் ஒரு முக்காலி இருந்தது. உங்கள் அப்பா சுவரோரம் நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னீர்கள்: "சிட் டவுன், அக்கா."

பெரியவர் நிற்கிறாரே என்று தயங்கினேன். "உக்காருங்கம்மா" என்று அவரே சொன்னார். அப்போதும் முடியவில்லை. "பஸ்ஸு போயிரும், வாரேன் டீச்சர்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "காலு இன்னும் தமிழாக்குதா அக்கா?"

மறுபடி வருவதற்குள் நீங்கள் இல்லை.

இப்போது வீட்டில் யாருமில்லை. நாற்காலிக்கு முன்னால் நின்று, நீங்கள் சொல்வது போலவே எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். பால்காரர்தான். அவர் போன பிறகு மறுபடியும் சொன்னேன்.

இந்த மடலை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், டீச்சர். நீங்கள் சொல்லித்தந்த இன்னொன்றையும் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியிருக்கிறேன்.