பசுங்குடில் நகருக்குப் பக்கத்துப் பண்ணை

மோகனூர் ரோடு, நாமக்கல்
4.6.2025

அன்புள்ள தம்பி ஈஸ்வருக்கு,

அக்கா எழுதுவது. சௌக்கியம்தானே? காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவனுக்குக் கடுதாசி எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கறனுங்க்கா" என்று வைத்துவிடுகிறாய்.

அப்பா வைத்துவிட்டுப் போன கோழிப்பண்ணையை மூடச் சொல்லி உங்கள் பசுங்குடில் நகர்ச் சங்கம் புகார் கொடுத்திருக்கிறது. விசாரிக்க வந்த அதிகாரி காட்டினார். செயலாளர் என்று முதல் கையெழுத்து உன்னுடையது. "ஏனுங்க, ஈஸ்வருங்கறது உங்க கூடப்பொறந்தவருங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஒரே வயித்துலதான் பொறந்தோம்" என்றேன். அந்த மனுசனுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

இந்த முட்டையைத் தின்று, விற்றுத்தானே சாமி நீ இஞ்சினியர் ஆனாய்? அப்போது நாறவில்லையா? பதில் எழுது.

உன் அக்கா,
ரஞ்சனி

பசுங்குடில் நகர்
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

புகார் என் சொந்த முடிவல்ல, சங்கத்தின் முடிவு. உங்களுக்கு இதெல்லாம் புரியாது. ஏரியைத் தூர் வாரினோம், மழைநீரை நிலத்துக்குள் இறக்குகிறோம், கழிவுநீரைச் சுத்தம் செய்து மரங்களுக்குப் பாய்ச்சுகிறோம். உங்கள் போர்வெல்லில் சித்திரையிலும் தண்ணீர் வந்ததே, யாரால்? சுற்றுவட்டாரமே முன்னேறுகிறபோது நீங்கள் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி?

நல்ல செய்தி. பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். சோலார், மாடித் தோட்டம் எல்லாம் பார்த்து அசந்துபோனார்கள். என் வயதுக்கு நம் பக்கம் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆவணியில் கல்யாணம், இங்கேயே கிளப் ஹாலில். அதற்குள் கோழிகளை லாரியில் ஏற்றிவிடுங்கள், இலையில் ஈ விழக்கூடாது.

மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் முகூர்த்தச் சேலை வைத்த கூறைப்பெட்டி பிடித்து நின்று இணைச்சீர் செய்யாமல் நம்மில் கல்யாணம் ஏது? உங்களுக்குப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். முந்தின நாளே வந்து இங்கேயே நன்றாகக் குளித்துத் தயாராகிவிடுங்கள். சபையில் யாரும் மூக்கைப் பிடிக்கும்படி ஆகிவிடக்கூடாது.

அன்புத் தம்பி,
ஈஸ்வர்

மோகனூர் ரோடு
12.6.2025

ஈஸ்வருக்கு,

கல்யாணச் செய்தி கேட்டுச் சந்தோசம். போரில் தண்ணீர் ஏறியது உண்மைதான். ஏரி வேலையும் நல்ல வேலை. அதை நான் மறைக்கமாட்டேன்.

மற்றபடி உங்கள் பவிசை என்னிடம் காட்டாதே. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரிலிருந்து வேனில் முட்டை வரவழைக்கிறீர்கள், பெட்டியில் பச்சை இலைப் படம் போட்டிருக்கிறதாம்! உள்ளே சைக்கிள் ஓட்டுவீர்கள், கேட்டைத் தாண்டினால் ஆளுக்கொரு கார். உங்கள் குப்பையைப் பிரிக்கிற பொம்பளைகளுக்கு ஒரு கக்கூஸ் கட்ட உங்களில் ஒருத்தருக்கும் புத்தி போகவில்லை. உங்கள் நகரைக் கூட்டுகிற செல்லியம்மாள் நேற்றும் வந்து, "அக்கா, உங்கூட்டு பாத்ரூமுக்குப் போயிட்டு வாரனுங்க" என்று கூனிக் குறுகி நின்றாள். நாற்றத்தைப் பற்றி நீங்கள் புகார் எழுதுகிறீர்கள், வெட்கம் கெட்டவர்களே.

பண்ணை இங்கேயேதான் இருக்கும். எருவைத் தள்ளிக் கொட்டச் சொன்னார் அதிகாரி, மாற்றியாகிவிட்டது. இன்னும் ஏதாவது சரி செய்யச் சொன்னாலும் செய்வேன், அவர் சொன்னால். உன் சங்கம் சொல்லி ஒரு கோழியும் லாரி ஏறாது.

அங்கே வந்து குளிக்கச் சொன்னாயே, அந்த வரியை உன் மாமாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவர் தாங்கமாட்டார். பள்ளிக்கூடத்துக்கு உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனபோதும் என்மேல் இதே வாடைதான் அடித்தது. நீ என் தோளில் முகம் வைத்துத் தூங்குவாய்.

சித்தப்பா மகள் பிரீத்தியிடம் பேசிவிட்டேன். கூறைப்பெட்டி அவள் பிடிப்பாள். பேங்கில் வேலை, நல்ல சென்ட் போடுவாள், உங்கள் சபைக்குத் தோதாக இருக்கும். எடுத்த பட்டை அவளுக்கே கொடுத்துவிடு. அன்றைக்கு எனக்கு முட்டை லோடு ஏற்றுகிற வேலை இருக்கிறது.

பெண்டாட்டியோடு நன்றாக இரு.

இப்படிக்கு,
மு. ரஞ்சனி,
கோழிப்பண்ணை உரிமையாளர்