காரணம்: பயிற்சியின்போது

மார்ச் 4

விடிந்ததிலிருந்து மழை. மைதானம் குளமாகிவிட்டது என்று எங்கள் புகைப்படக்காரர் முழங்கால் சேற்றோடு வந்து சொன்னார். 'அணியின் பயிற்சி ரத்து' என்று விளையாட்டுப் பக்கத்தின் மேலே வைத்தேன்.

ஐந்து மணிக்குச் சர்க்கரையின் போன். கால்பந்து சங்கத்துக்காகப் பத்திரிகைகளிடம் பேசுகிறவன். பேச்சில் ஒழுகும் இனிப்புக்காக நாங்கள் வைத்த பெயர். "அக்கா, கேப்டனுக்கு வலது கையில லேசா அடி. பயிற்சியில பட்டுச்சு. ரெண்டே நாள் ஓய்வு, அவ்வளவுதான்." நாலு வரி எழுதிப் பக்கத்தின் அடியில் தள்ளினேன். என் காய நோட்டிலும் ஏற்றினேன். தேதி, ஆட்டக்காரர், எங்கே அடி, காரணம், ஓய்வு. ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். ஆபீஸில் இந்த நோட்டைக் கேலி பண்ணாத ஆள் இல்லை. தேவைப்படும்போது என் மேஜையைத்தான் சுற்றி நிற்பார்கள்.

வீட்டுக்கு நனைந்து வந்தேன். தம்பி கதவைத் திறந்ததும் கேட்டது: "கேப்டன் கை எப்படிக்கா இருக்கு?" அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஆளில்லை.

மார்ச் 9

கேப்டனின் மனைவி ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். அவளுடைய அக்கா போலீசுக்குப் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. விலா மூன்று.

புகைப்படக்காரர் படம் கொண்டுவந்தார். இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த வீக்கம். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டிருக்கிறார்கள். கழுத்தில் நாலு விரல் பதிந்திருக்கிறது.

ஆசிரியர் படத்தை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "அரையிறுதி வருது. குடும்ப விஷயம் நமக்கெதுக்கு?" தலைப்பையும் அவரே சொன்னார்: 'படியில் தவறி விழுந்த மனைவி — கேப்டன் வீட்டில் சோகம்'. கூடவே ஆஸ்பத்திரி வாசலில் கேப்டன் தலைகுனிந்து நிற்கும் பெரிய படம்.

பேட்டிக்காக அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். அங்கே மாடியே கிடையாது. சொன்னேன். "வாசல்படி இருக்கும்ல?" என்றார்.

மார்ச் 12

பத்திரிகையாளர் சந்திப்பு. கேப்டன் வலது கையில் கட்டோடு சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். புகைப்படக்காரர் எழுந்து கேட்டார்: "சார், உங்க வீட்டுல படி எங்க இருக்கு?"

சிரிப்பு மாறவேயில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தான், அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான், நெற்றியால் மூக்கில் இடித்தான். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவரை விடவில்லை, வாயிலேயே மிதித்தான். என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது ஒரு பல். பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். இன்னொன்று கிடைக்கவில்லை.

பதினாலு கேமரா இருந்தது அங்கே. நாளைக்கு எங்கள் தலைப்பு: 'செய்தியாளர் சந்திப்பில் சலசலப்பு'.

சலசலப்பு! வாயில் நல்லா வருது எனக்கு.

மார்ச் 14

தூக்கம் வரவில்லை. காய நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேப்டனின் வரிகளை மட்டும் படித்துக்கொண்டே வந்தேன். கணுக்கால், முழங்கால், தொடை — சரி. வலது கை. வலது கை. மணிக்கட்டு. வலது கை விரல்கள். மறுபடியும் வலது கை.

ஐந்து முறை. ஐந்தையும் பென்சிலால் குறித்தேன். கோல்கீப்பர் கூட இல்லை அவன். பந்தைக் காலால் உதைக்கிறவனுக்குக் கையில் என்ன வேலை?

ஐந்துக்கும் ஒரே காரணம், என் கையெழுத்தில்: பயிற்சியின்போது. ஒன்பது வருடமாக என் பேனா தானாக எழுதிப் பழகிய வார்த்தை. ஒரு தடவையாவது நிறுத்திக் கேட்டேனா? நீயெல்லாம் ஒரு பத்திரிகைக்காரி!

தண்ணீர் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். தம்பி ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

மார்ச் 18

நீதிமன்றம். அவன் தன்னை நெருங்கக்கூடாது, அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று மனைவி உத்தரவு கேட்டிருக்கிறாள். கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிப் போகவேண்டியது அவனிடம்தான். அடுத்த முறை தாடையோடு நிற்கமாட்டான்.

அவளைக் குத்தியதில் உடைந்தது என்று அவளுடைய வக்கீலம்மா அவன் கையின் எக்ஸ்ரேயைக் காட்டினார். உடனே அவன் வக்கீல் எங்கள் பத்திரிகையை உயர்த்திப் பிடித்தான். நாலு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் வட்டம். "கையில அடிபட்டது பயிற்சியில. மறுநாளே செய்தி வந்திருக்கு. இதைவிட என்ன வேணும்?"

கம்பி கட்டிய வாயோடு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை, இல்லை என்று. விசாரணை 26க்குத் தள்ளிப்போனது.

நான் எழுதியதால் அவனுக்குச் சாட்சி நானே ஆகிவிட்டேன்.

மார்ச் 19

அதே பக்கத்தை ஆசிரியர் முன்னால் விரித்தேன். மேலே, கொட்டை எழுத்தில்: பயிற்சி ரத்து. கீழே: பயிற்சியில் காயம். எழுதியவள், திருத்தியவர், பார்த்து அனுப்பியவர் — மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. அவன் வக்கீலும் வட்டத்துக்கு வெளியே பார்க்கவில்லை.

"திருத்தம் போடணும் சார்."

"நம்ம தப்ப நாமளே ஊருக்குச் சொல்லணுமா? வாய மூடிட்டுப் போ." பேப்பர்வெயிட் என் காதை உரசிப் போய்க் கண்ணாடியை உடைத்தது.

நேரே வக்கீலம்மாவிடம் போனேன். பக்கத்தையும் நோட்டையும் காட்டினேன். "சாட்சிக்கூண்டுல ஏறுவீங்களா?" என்றார். ஏறுவேன் என்றேன்.

மார்ச் 22

சர்க்கரையின் போன். அதே இனிப்பு. "அக்கா, சாட்சிப் பட்டியல்ல உங்க பேர் பாத்தேன். எழுதுற கைய பத்திரமா வெச்சுக்கங்க."

சாயந்தரம் வீட்டு ஜன்னல்களை நொறுக்கினார்கள். நாற்பது பேர் இருக்கும், எல்லோரும் அணியின் சட்டையில். தம்பி வாசலுக்குப் போய், "டேய், நம்ம வீடுடா இது!" என்று கத்தினான். கல் நெற்றியில் பட்டது. எறிந்தவன் அவனோடு ஆட்டம் பார்க்க வருகிறவனாம். ஏழு தையல்.

"கேப்டன் அனுப்பியிருக்க மாட்டாருக்கா" என்கிறான் இன்னும். அடிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மார்ச் 25

இடது கை. எழுத்து கோணல்.

ஆபீஸ் மாடிப்படியில் இரண்டு பேர். ஒருவன் பிடித்துக்கொண்டான். மற்றவன் என் வலது கையைக் கைப்பிடிக் கம்பி மேல் வைத்து இரும்புக் குழாயால் அடித்தான். மூன்று அடி. அவசரமே இல்லை அவனுக்கு.

நாளைக்குப் போவேன்.

மார்ச் 26

எங்கள் பத்திரிகை, அடியில், நாலு வரி: படியில் தவறி விழுந்த உதவி ஆசிரியை. நேற்று ராத்திரி எனக்குப் பதிலாக என் நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "யாரும்மா சொன்னது?" "சர்க்கரை சார்தான்கா. ஏன், விழலையா நீங்க?"

கூண்டில் ஏறி எல்லாம் சொன்னேன். அன்று மழை, பயிற்சி இல்லை, போனில் வந்ததைக் கேட்காமல் எழுதினேன். உத்தரவு கிடைத்தது. அவன் பெஞ்சை உதைத்துத் தள்ளிக்கொண்டு என்னை நோக்கி வந்தான்; நாலு போலீஸ்காரர்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். வெளியே அவன் பேர் சொல்லிக் கோஷம்.

வேலை போய்விட்டது.

மார்ச் 30

அவள் வந்தாள், அக்காவோடு. வாயில் இன்னும் கம்பி. தம்பி நாற்காலி எடுத்துப் போட்டான், அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காய நோட்டைச் சைகையால் கேட்டாள். மார்ச் 4 வரியில் 'பயிற்சியின்போது' என்பதை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: என் தாடை.

பின்னால் புரட்டினாள். பென்சில் குறிகளைத் தேடித் தேடி ஒவ்வொன்றாக அடித்தாள். என் விலா. குளியலறைக் கதவு, உள்ளே நான். என் வயிறு, மூன்றாம் மாதம்.

அந்த இடத்தில் அவள் அக்கா எழுந்து வெளியே போனாள்.

ஐந்தாவது குறியில் பேனா நின்றது. தேதியை விரல் வைத்துப் பார்த்தாள். விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். பிறகு எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

இது நான் இல்லை. கல்யாணத்துக்கு ஏழு மாதம் முந்தி.