சுவரைப் பார்த்து எழுதிய பரீட்சை

மாடி வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். இன்று காலை, 'த பாட் வாஸ் ஃபில்டு வித் வாட்டர்' என்று அவள் உரக்கப் படித்தது என் அடுப்படிவரை கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு என் உள்ளங்கைகள் இரண்டும் தாமாக ஒட்டிக்கொண்டன. யாரைக் கும்பிடுகிறாய் என்று கேட்டார் வீட்டுக்காரர். அவரிடம் எங்கே தொடங்கிச் சொல்வது? உனக்குத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கொட்டகையில் நீயும் நானும் எதிரெதிரே நின்று நூல் சுற்றினோம். இருவரும் பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாருக்கும் கையும் உதடும்தான் பேச்சு. நூல் அறுந்தது, தண்ணீர் வேண்டும், மேஸ்திரி வருகிறார், எல்லாம் சாடைதான். அதிலேயே நீ இங்கிலீஷையும் ஏற்றிவிட்டாய். செயப்பாட்டு வினை என்றாலே 'பை' போட்டுத்தான் நாம் போன தடவை கவிழ்ந்தோம். "எங்கிட்டுப் பாத்தாலும் பை பைன்னு, பஸ் ஏத்திவிட வந்த மாதிரில்ல எழுதியிருக்கோம்" என்றாய்.

'பை' என்றால் தோளைத் தட்டுவது. 'ஃபில்டு' வந்தால் பின்னால் 'வித்', அதற்கு உள்ளங்கைகளைச் சேர்ப்பது. 'நோன்' வந்தால் பின்னால் 'டு', அதற்கு விரலை நீட்டுவது. 'ஆல்தோ' வந்தால் கையை மறித்துக் காட்டுவது. அதன் பிறகு 'பட்' வரக்கூடாது. நீ உதட்டால் கேட்பாய், நான் கையால் பதில் சொல்வேன். சினிமாக் கதை பேசுகிறோம் என்று மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

எனக்கு அது பொழுதுபோக்கு. உனக்கோ நர்ஸ் பயிற்சிக்குப் பத்தாவது தேறியாக வேண்டும். இந்தத் தடவையும் போனால் செட்டியார்பட்டி மாப்பிள்ளை வீட்டோடு தாம்பூலம் மாற்றிவிடுவதாக உன் அப்பா சொல்லியிருந்தார். "மாப்ள நல்லவராத்தான் இருப்பாரு. நான் இன்னும் ஒண்ணுமே ஆகலையேட்டி" என்றாய்.

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில். எனக்கு முன்பெஞ்சில் நீ. செயப்பாட்டு வினைக் கேள்வி வந்ததும் பேனாவை வைத்துவிட்டுத் தோளைத் தட்டினாய், உள்ளங்கைகளைச் சேர்த்தாய், விரலை நீட்டினாய். தறியில் பழகிய கை. அது ஆடாமல் உனக்கு யோசனை ஓடாது. மேற்பார்வைக்கு நின்ற சார் பாய்ந்து வந்து உன் விடைத்தாளில் கை வைத்தார்.

"யாருக்குச் சாடை காட்டுற? எந்திரி."

நான் எழப் போனேன். பெஞ்சு நகர்ந்த சத்தம் கேட்டதும், திரும்பாமலே கையை மறித்துக் காட்டினாய்.

"சார், நான் தறியில வேல பாக்கேன். அங்க கையாலதான் பேசுவோம், கையாலதான் படிச்சேன். பேப்பர மட்டும் வாங்கிராதீக. எங்க உக்காரச் சொன்னாலும் உக்காந்து எழுதுறேன்."

நீ தாளை விடவில்லை. அவர் உன்னை வராந்தாவில், சுவரைப் பார்த்தபடி தனிப் பெஞ்சில் உட்கார வைத்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் காப்பியடித்து மாட்டியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நீ சுவருக்கு முன்னால் தோளைத் தட்டித் தட்டி எழுதி முடித்தாய்.

நீ தேறினாய். உன் அப்பா தாம்பூலப் பேச்சைத் தள்ளி வைத்தார். தொண்ணூறுகளில் நர்ஸாகி, கான்சாபுரம் பக்கமெல்லாம் சைக்கிளில் போய் ஊசி போட்டாய்.

நான் தேறவில்லை. சின்னப் பிள்ளைகளோடு இனியும் போய் உட்கார வெட்கமாக இருக்கிறது, எழுதமாட்டேன் என்றேன். பயிற்சி விடுமுறையில் வந்திருந்த நீ எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. "செவுத்தப் பாத்து உக்காந்தப்ப எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. வெக்கத்தோடதான எழுதுனேன்" என்றாய். அடுத்த தடவை நானும் தேறினேன்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆளில்லை. பஸ்ஸை நம்பினால் ஆகாது என்று இந்த வயதில் ஸ்கூட்டி பழகுகிறேன். நேற்று தெருமுனையில் வண்டியோடு சாய்ந்துவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தச் சூட்டோடு வண்டியை நிமிர்த்தி, அவர்கள் எதிரிலேயே ஏறி உட்கார்ந்தேன்.