மேலாளரின் பாஸ்

புதன், இரவு

படகு பாஸைச் சரிபார்க்கும் நெறிமுறையைக் கணித மாதிரியாக எழுதி, ஓட்டை இல்லையென்று நிரூபித்திருந்தேன். நெட் மந்தம் என்று, ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணை மேலாளர் நீக்கிவிட்டார். ஓட்டை இல்லை என்ற அறிக்கையில் என் பெயரை மட்டும் நீக்கவில்லை. மறுபடி சோதித்தேன். ஒருவர் இன்று காட்டிய பாஸை நாளை யாரும் நகலெடுத்துக் காட்டலாம்.

சொன்னேன். எல்லார் முன்னாலும் சிரித்தார். "அரே சோடோ, விடும்மா! இந்தத் தீவுல, பாம்பூஃப்ளாட் போற படகுக்கு எவன் ஹேக் பண்ண வருவான்? வீட்ல முதல் டிகிரி, அதான் இந்த ஆட்டம்!"

மாலையில் அவர் சோதனை வாயிலில் தன் பாஸ் கார்டைத் தட்டியபோது, கார்டு வாயிலுக்கு அனுப்பிய செய்தியைப் பதிவு செய்துகொண்டேன்.

நாளை இந்த வாயிலைப் பார்வையிட மெயின்லேண்ட் அதிகாரிகள் வருகிறார்கள். அவர் கார்டு அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். திரையில் அவர் பெயர் வரும், கதவு திறக்கும், நான் உள்ளே நடந்து போவேன்.