ஆதி மதருக்கு வைத்த மீசை

அன்பு மகள் தர்சினிக்கு,

கொழும்பில் வங்கியில் குண்டு வெடித்து, நம்முடைய பொடியன்கள் கிரிக்கெட்டில் உலகக் கப்பைத் தூக்கி, பிறகு மழை பொய்த்து நாடு முழுக்கக் கரண்டு இல்லாமல் போய், அந்தக் கப்பை நினைத்தே எல்லோரும் இருட்டில் ஆறுதல்பட்ட வருசம் உனக்கு நினைவிருக்கிறதா என்று போன ஞாயிறு போனில் கேட்டேன். கப் நினைவிருக்கிறது என்றாய். அந்த வருசம் உன் வகுப்பிலிருந்து விலக்கி அனுப்பின மருதமுனைப் பிள்ளை என்றேன். எந்தப் பிள்ளை அப்பா என்று கேட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நான் சொல்ல உன் தங்கச்சி கேதீஸ்வரி எழுதுகிறாள். பாண்டிருப்பில் நாங்கள் மழையும் நுளம்புக்கடியும் விட்டுவைத்த அளவுக்குச் சுகம். மெல்போர்ன் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் திரௌபதை அம்மனிடம் நேர்ந்திருக்கிறேன். நீ கலியாணத்தோடு கத்தோலிக்க வேதத்துக்கு மாறிவிட்டபடியால் மாதாவிடமும் ஒரு சொல் சொல்லிவைத்தேன். முப்பத்துநாலு வருசம் அவவுடைய பள்ளிக்கூடத்துக் கேற்றைக் காத்தவன் கேட்டால் தட்டமாட்டா.

உன்னுடைய புது உத்தியோகத்தின் பெயரைக் கேதீஸ்வரி மூன்று தரம் சொல்லித்தந்தும் எனக்கு வாயில் நிற்கவில்லை. மாணவியரின் நடத்தைக்கும் பள்ளிக்கூடக் கலாசாரத்துக்கும் பொறுப்பான துணை அதிபராம். நல்லது. எங்கள் காலத்தில் அதற்குப் பிரம்பு என்று பெயர், சின்னப் பெயர் என்றபடியால் எல்லோருக்கும் விளங்கியது. அங்கே பிந்தி வந்தால் ஒரு புள்ளியாம், பாவாடை கட்டை என்றால் இரண்டாம், பத்துச் சேர்ந்தால் கம்பியூட்டரே தாய்தகப்பனுக்குக் கடிதம் போடுமாம். இங்கே அந்தக் கம்பியூட்டர் நான்தான். ஒரு எழுத்தும் தெரியாத மனிசன், பிந்தினவள் ஆர், ரிபன் கட்டாதவள் ஆர், நகத்துக்குப் பூசினவள் ஆர் என்று முப்பது பெயரையும் மனதில் பிடித்துப் பத்து மணிக்கு அதிபரான பெரிய சிஸ்டரிடம் ஒப்புவிப்பேன், ஒன்று தவறாது. கரண்டு போனாலும் வேலைசெய்தேன். செல்லத்தம்பியின் கண்ணுக்குத் தப்பி ஒரு கொண்டை ஊசியும் உள்ளே போகாது என்று சிஸ்டர் கூட்டத்தில் சொல்லுவா, எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் கூடும்.

இப்போது உன் பள்ளிக்கூடத்தில் ஆரோ அதிபரைப் போல நடித்துப் பகிடி பண்ணி வீடியோ எடுத்துவிட்டார்கள் என்றும், எடுத்த போன் ஒரு பிள்ளையுடையது என்றும், போன் என்னுடையது என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்றும், திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட்டால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவேண்டும் என்றும் சொன்னாய். வாய் திறக்காத பிள்ளை திமிர் பிடித்தது, அழுகின பழம் மாதிரி அது கூடை முழுவதையும் பழுதாக்கும் என்றும் சொன்னாய். பெரிய சிஸ்டர் உனக்குள்ளே இருந்து கதைக்கிறாவோ என்று பார்த்தேன், குரல் மட்டும்தான் வித்தியாசம்.

சரி, உனக்கு மறந்ததை நான் சொல்லுகிறேன். கப் எடுத்த மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் கதை கதைக்கக் கூடாது என்று சிஸ்டர் காலையிலேயே கட்டளை போட்டா. அதனால் பெட்டையள் வேறு ஒன்றும் கதைக்கவில்லை. இடைவேளை முடிந்து பார்த்தால் மண்டபத்தில் தொங்குகிற ஆதி மதரின் படத்துக்கு, பள்ளிக்கூடத்தைத் தொடங்கின புண்ணியவதிக்கு, கறுப்பு மையால் கிரிக்கெட்காரன் மீசை. முறுக்கின மீசை, உண்மையைச் சொன்னால் அவவுக்குப் பொருத்தமாகவும் இருந்தது. பைகளைச் சோதிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். மருதமுனைப் பிள்ளையின் பைக்குள் சுறுமா டப்பி இருந்தது. கண்ணுக்குப் போடுகிற மைதான், அந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேரிடம் இருக்கும். என்னுடைய கண்தானே, கண்டுபிடித்துவிட்டேன், எடுத்துக் கொடுத்தேன்.

அவளுடைய வாப்பா மீராசா காக்கா கைத்தறியை விட்டுவிட்டுச் சைக்கிளில் ஓடிவந்தார். அதிபர் கந்தோருக்குள் சிஸ்டர், அவர், அந்தப் பிள்ளை, கதவடியில் நான். சிஸ்டர் கேட்டதற்கு, டப்பி என்ட சிஸ்டர் என்றாள். கீறினது ஆர் என்றதற்கு வாயை மூடிக்கொண்டாள். மகள் சொல்லிரு மகள், அல்லாஹ்வுக்காகச் சொல்லிரு என்று மீராசா காக்கா அழுதார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு விலக்கி ஒரு கடதாசி எழுதினா. செல்லத்தம்பி, டப்பியை எடுத்தது நீர்தானே, சாட்சிக்கு ஒரு கைநாட்டு வையும் என்று மைப்பெட்டியைத் தள்ளினா. நான் பெருவிரலை வைத்து அமத்தினேன்.

கேதீஸ்வரி இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்று சொல்லிவிட்டேன். இடைவேளைக்கு நீ தண்ணி குடிக்கக் கேற்றடிக் குழாய்க்கு வந்தாயே தர்சினி, வலது கையைப் பொத்திக்கொண்டு, இடது கையால் குழாயைத் திறந்துகொண்டு. சுட்டுவிரல் நுனி கறுப்பு. கொண்டை ஊசியைக் காண்கிற கண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? கைநாட்டு வைக்கும்போதே எனக்குத் தெரியும். உன் புலமைப்பரிசிலும் என் வேலையும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. முப்பது பெயர் ஒப்புவிக்கிற வாய்க்கு அன்றைக்கு ஒரு பெயர் வரவில்லை. அன்று பின்னேரம் நம் வீட்டில் இரண்டு கறுத்த விரல். உன் அம்மா உன்னுடையதைத் தேசிக்காய்ப் புளி போட்டு உரசினாள், என்னுடையதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாள், இரண்டு பேரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ படித்துக் கலாசாரத்துக்குப் பொறுப்பாக வந்துவிட்டாய். படிக்கவைத்தது பலன் தந்தது.

போன மாதம் ஆசுபத்திரி வாங்கில் பிறசர் குளிசைக்குக் காத்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒருத்தி, வாச்சர் அண்ணன் என்றாள். அவளேதான். அந்த வருசம் ஓ எல் சோதனை எழுதவில்லை, படிச்சது காணும் என்று மீராசா காக்கா வீட்டில் இருத்திவிட்டார். இப்போது சீருடை தைக்கிறாளாம், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்று நினைக்கிறாய், நம்முடைய அதே பள்ளிக்கூடத்துக்கு. உன்னைக் கேட்டாள். தர்சினி பெரிய இடத்தில இருக்காவாம், சந்தோசம் என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புள்ள, அண்டைக்கு என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை. தெரியும் அண்ணன், டப்பிய நான்தானே குடுத்த, சொன்னா ரெண்டு பேரும் போயிருப்பம், உங்கட கேற்றும் போயிருக்கும், ஒராள் போறது லேசு என்றாள். பிறகு நம்பர் கூப்பிட்டார்கள், மருந்தெடுக்கப் போய்விட்டாள்.

ஆகையால் மகள், கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் உத்தியோகம், கைநாட்டு வைத்தவன் உனக்குப் புத்தி சொல்ல என்ன இருக்கிறது. போடுவதற்கு முன்னம் அந்த வகுப்பில் எவளுடைய கை பொத்திக்கொண்டிருக்கிறது என்று மட்டும் ஒரு தரம் பார். உனக்கு அது தெரியாத விசயமா.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மருமகனுக்குச் சீனி கூடினது என்றாய், சோற்றைக் குறைக்கச் சொல். அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற அடுத்த தீப்பள்ளயத்துக்கு என்றாலும் பிள்ளைகளோடு வந்து போ. நீயும் உன் குடும்பமும் தாலி, பதவி, தலைமுறையோடு நல்லாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
செல்லத்தம்பி (கீழே இருப்பது என் பெருவிரல்தான், பழசு மாதிரியே விழுந்திருக்கிறது)

இன்னொன்று. கடதாசியின் பின்பக்கம், பள்ளிக்கூடத்தில் விசாரித்து வாங்கின ஒரு போன் நம்பர் எழுதுவித்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னம் எடு. அன்றைக்கு இந்தக் கதையில் இருந்தவர்களில் பெரிய சிஸ்டர் மட்டக்களப்பில் கண்ணை மூடிவிட்டா, மீராசா காக்காவைச் சுனாமி கொண்டுபோனது, தேசிக்காய் உரசின உன் அம்மாவும் போய்விட்டாள், என்னைக் கணக்கில் எடுக்காதே, நான் குளிசையில் ஓடுகிறவன். நீ மன்னிப்புக் கேட்பதற்கு இன்னும் உயிரோடு இருப்பது ஒராள். பெயரையும் நானே சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நஸ்லியா.