அன்று நான் சிரித்தது எதற்கென்றால்

அன்புள்ள அண்ணிக்கு,

போன வாரம் நீங்கள் வாசலில் நின்றபடியே, “நல்லா சிரி. என் தம்பி போய் ஒரு மாசம்கூட ஆகல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டீர்கள்.

அன்று காலையில் கரண்ட் நின்றுவிட்டது. அந்த வேலையெல்லாம் அவர்தானே பார்ப்பார்? முதல் தடவையாக ஃபியூஸ் பெட்டியை நான் திறந்தேன். சமையலறை, மாடி, மோட்டார் என்று ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார். கடைசி சுவிட்சின் கீழே, “இதை மட்டும் தொடாதே. உன்னைத்தான் சொல்றேன், மகாராணி” என்று எழுதியிருந்தது. அவர் பக்கத்தில் நின்று சொல்வது போலவே இருந்தது. என்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள்.

அதன் பிறகு அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அழவில்லை, அண்ணி. அன்று முழுவதும் மனசு லேசாக இருந்தது. பசித்துச் சாப்பிட்டேன். நீங்கள் சொன்னதைவிட அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒருமுறை வந்து அந்தக் காகிதத்தைப் படியுங்கள். உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டால், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இப்போதும்
உங்கள் தம்பி மனைவிதான்